பழைய ரோட்டரி காருக்கு உயிர் கொடுப்பது எப்படி? சிங்கப்பூரில் புதிதாக ஸ்பேனர் பிடிப்பவருக்கு முழு வழிகாட்டி

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின் கொண்டது நான் வாங்கிய மாஸ்டா ஆர்எக்ஸ்-8. அது முதல் ஞாயிற்றுக்கிழமையே தேக்கா வாகன நிறுத்தத்தில் என் மானத்தை வாங்கிவிட்டது. காலையில் வீட்டிலிருந்து ஒரே திருப்பில் கிளம்பிய கார்தான். மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. பின்னாலிருந்து குராவ் மீன் வாடை வர ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் கழித்து, சூடு ஆறியதும், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

ஆறியிருக்கும்போது கிளம்பி, சூடேறியதும் அடம்பிடிக்கும் ரோட்டரிக்குப் பெரும்பாலும் ஒரே நோய்தான்: கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் அறைக்குள் காற்றை அழுத்தும் வலு, இறங்கிவிட்டது. விற்றவர் காரை நன்றாக ஆற வைத்துத்தான் எனக்குக் காட்டினார். நானும் போனட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரியாத ஆள். அடுத்த ஒன்றரை வருட மாலைகள் அந்த ஒரு தவற்றுக்கே போயின.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர் காரைப் பிரித்துக் கொட்டகையில் போட்டுவிட்டு மூன்று வருடம் கழித்துக்கூடப் பூட்டலாம். இங்கே கார் துண்டுதுண்டாகக் கிடந்தாலும் சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கக் காலவரையோடு தரும் உரிமைச் சான்றிதழ், ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வேலைகளின் வரிசையை அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் போட்டிருக்கிறேன். முதலில் அளந்து பார்ப்பது. பிறகு வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடியதைச் செய்வது. வேறு வழியே இல்லை என்றால்தான் இன்ஜினைத் திறப்பது.

உள்ளே என்ன நடக்கிறது

பிஸ்டன், வால்வு, கேம்ஷாஃப்ட், டைமிங் பெல்ட் எதுவும் இதில் கிடையாது. இடுப்பு சிறுத்த நிலக்கடலை வடிவத்தில் ஒரு கூடு, அதற்குப் பெயர் ரோட்டர் ஹவுசிங். அதற்குள் பக்கங்கள் உப்பிய சமோசாபோல ஒரு முக்கோண ரோட்டர். ரோட்டர் சுற்றும்போது அதற்கும் கூட்டின் சுவருக்கும் இடையே உள்ள மூன்று அறைகளும் மாறி மாறிப் பெருத்துச் சிறுக்கின்றன. காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது நான்கும் அந்த அசைவிலேயே நடந்துவிடுகின்றன. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால், அதன் நடுவே சக்தியை வெளியே கொண்டுபோகும் தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். மீட்டர் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டும்போது ரோட்டர் 3,000 தடவைதான் சுற்றுகிறது.

ஆர்எக்ஸ்-8இல் இருப்பது 13பி குடும்பத்து இன்ஜின்: 654 சி.சி. ரோட்டர் இரண்டு, மொத்தம் 1,308 சி.சி. சமோசாவின் மூன்று முனைகளிலும் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டைதான் ஏபெக்ஸ் சீல். அதன் இரு ஓரங்களிலும் வட்டமான கார்னர் சீல், பக்கவாட்டில் வில்போல் வளைந்த சைடு சீல். ரோட்டரி இன்ஜின் 'செத்துவிட்டது' என்று யாராவது சொன்னால், இந்தச் சீல்கள் தேய்ந்தோ உடைந்தோ ஒட்டிக்கொண்டோ போயிருக்கும். இல்லாவிட்டால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் வெந்து போயிருக்கும்.

1960களில் மாஸ்டா பொறியாளர்களையும் இந்த ஏபெக்ஸ் சீல்தான் பாடாய்ப் படுத்தியது. சீல் அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக் கீறல்'. அதைச் சமாளித்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் கொண்ட 787பி வென்றது.

இந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். சீல்களுக்கு வழவழப்பு வேண்டும் என்பதற்காக ஒரு சிறிய பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. 'என் கார் ஆயிலே குடிப்பதில்லை' என்று ரோட்டரி வைத்திருப்பவர் பெருமைப்பட்டால், அந்த பம்ப் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன்

ஆர்எக்ஸ்-7 மூன்று தலைமுறைகளாக 1978 முதல் 2002 வரை வந்தது. ஆர்எக்ஸ்-8, 2003 முதல் 2012 வரை. முதல்முறை கை வைப்பவருக்கு நான் சொல்வது ஆர்எக்ஸ்-8தான், அதிலும் மேனுவல் கியர். மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அழகு ராணிதான், மறுக்கவில்லை. ஆனால் இரட்டை டர்போவையும் அதைச் சுற்றியிருக்கும் வேக்குவம் குழாய்க் காட்டையும் பார்த்தால் அனுபவசாலிகளே பெருமூச்சு விடுவார்கள்.

காரைப் பார்க்கும் முன் சிஓஇ எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள். பத்து வருடம் முடிந்த காரின் சிஓஇயைப் புதுப்பிக்க, முந்தைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முழுத் தொகை, ஐந்து வருடத்துக்குப் பாதி. ஐந்து வருடம் எடுத்தால் அதன் பிறகு புதுப்பிக்க முடியாது, கார் போயே ஆக வேண்டும். எனவே ஐந்து வருடப் புதுப்பிப்பில் இருக்கும் காருக்கு இன்ஜின் வேலை பார்ப்பது, அடுத்த வருடம் இடிக்கப்போகும் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது மாதிரி. பத்து வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய் 50 விழுக்காட்டில் நிற்கும். 35 வயதைத் தாண்டிய கார்களுக்கு கிளாசிக் திட்டம் ஒன்று உண்டு. அதில் ஆண்டுக்குச் சில நாட்கள்தான் ஓட்டலாம்.

சரி, காருக்கு வருவோம். போனவுடன் போனட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தாலும் சரி, ஜில்லென்று இருந்தாலும் சரி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் நல்லது. இழுத்து இழுத்துப் பிடித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது தேங்காய் பழம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. சாதாரண மீட்டர் ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் அதிகபட்சத்தை மட்டும் காட்டும். இரண்டு அறை நன்றாக இல்லாவிட்டாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று உள்ள மீட்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். அது இருக்கும் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழுதாக இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8க்கு 250 ஆர்பிஎம் வேகத்தில் 830 கிலோபாஸ்கல் இருந்தால் புதியதுபோல. 680க்குக் கீழே போனால் இன்ஜினைத் திறக்க வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் அறைகளுக்கு இடையே 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதற்கேற்ப எண் ஏறும் இறங்கும். எனவே 250க்குச் சரிக்கட்டிய எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இடமும் கருவியும்

வீவக வாகன நிறுத்தத்தில் இன்ஜினைப் பிரிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பேசி, மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு மூலையை வாடகைக்குக் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு டாக்சிகளுக்கு நடுவே ஒரு மூலை. இப்படி இடம் பிடிப்பதில் இன்னொரு லாபம்: கழித்த ஆயிலைப் பட்டறையே உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடும், நீங்கள் கால்வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

வழக்கமான சாக்கெட் செட்டோடு, டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், நேர்விளிம்புச் சட்டம் ஆகியவை கட்டாயம் வேண்டும். ஃப்ளைவீல் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட். அப்புறம் முட்டைத் தட்டு. கேலியாகச் சொல்லவில்லை: சீல்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு எழுதி வைக்க அதைவிட நல்லது இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்ஜினைத் திறக்காமல் செய்யும் வேலைகள்

கம்ப்ரஷன் தேறிவிட்டால் இந்தப் பகுதியோடு உங்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. தேறாவிட்டாலும் இதையெல்லாம் செய்துதான் ஆக வேண்டும். பழைய இன்ஜினைக் கொன்ற அதே கோளாறு புதுப்பித்த இன்ஜினையும் கொல்லும்.

முதலில் இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் அமைப்பு. ஆர்எக்ஸ்-8க்குப் பொறி விடும் பிளக் நான்கு, அவற்றுக்கு மின்சாரம் தரும் காயில் நான்கு. ரோட்டருக்கு இரண்டு பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். என்ஜிகேயில் லீடிங்குக்கு ஆர்இ7ஏ-எல், ட்ரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் கை போகும்.

காயில் வலுவிழப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு காயில் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோல் எக்சாஸ்ட் வழியாகப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும். ஒரு காயிலைத் தள்ளிப் போட்டதற்கு விலை ஒரு இன்ஜின். நான்கையும் ஒரே நேரத்தில் வயரோடும் பிளக்கோடும் மாற்றுங்கள். அதன் பிறகு 50,000 கி.மீ.க்கு ஒருமுறை. கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தேன்கூடுபோல நேராகத் துளைகள் தெரிய வேண்டும்.

இரண்டாவது, சூடு. சிங்கப்பூரில் ரோட்டரியை வைத்திருப்பவர் தூங்கும்போதும் நினைக்க வேண்டியது இதைத்தான். ஹவுசிங் அலுமினியம், பக்கத் தட்டுகள் இரும்பு. சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவு மீறினால் நடுவிலுள்ள ரப்பர் வளையம் நசுங்கிவிடும், கூலன்ட் உள்ளே கசியும். 33 டிகிரி வெயிலில் சிடிஇயில் ஊர்ந்து போகும் மாலை நேரம் இதற்குத் தோதான சந்தர்ப்பம்.

இங்கே பனிக்காலம் இல்லையே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. கூலன்ட் வெறும் உறைதடுப்பான் மட்டும்தான் என்று நினைப்பதால் வரும் வினை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். வெறும் தண்ணீர் ஓடிய இன்ஜினைத் திறந்தால், ரப்பர் வளையம் உட்காரும் இரும்புப் பள்ளத்தின் ஓரம் கறையான் தின்ற மரம்போல உதிர்ந்திருக்கும்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி பழசானால் விரிசல் விடும். இருபது வயதுக் காரில் அதைச் சோதிக்காமல் நேரடியாக மாற்றிவிடுவதே மேல். தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள், மூடி எல்லாவற்றையும் கூடவே மாற்றுங்கள். கூலன்ட் பாட்டிலில் இருக்கும் அளவு காட்டும் சென்சார் கெட்டுப்போய்ச் சும்மா விளக்கெரிப்பது ஆர்எக்ஸ்-8இல் சகஜம். அதைச் சரிசெய்யாமல் பழகிப்போனவர்தான் உண்மையிலேயே கூலன்ட் தீரும்போது ஏமாறுவார். ஏசியைப் போட்டு இரண்டு விசிறியும் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ரோட்டருக்குள் ஓடிக் குளிர்விப்பது ஆயில்தான். அதனால் முன் பம்பரின் ஓரத்தில் இருக்கும் ஆயில் கூலரில் அடைத்திருக்கும் காய்ந்த இலையையும் பூச்சியையும் மெதுவாகத் தண்ணீர் அடித்து எடுங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள்ளை நம்பாதீர்கள். அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். நகர ஆரம்பித்தால் காரியம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். காரின் கணினித் தகவலைப் படிக்க டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி துளையில் ஒரு சின்ன ரீடரைச் செருகி, கைபேசியில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். நான் 105இல் அலாரம் வைத்திருக்கிறேன்.

ஆயில்: இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒருமுறை குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். நம் வெயிலுக்கு நான் 10டபிள்யூ-40 ஊற்றுகிறேன். கூடவே டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 மில்லி கணக்கில் டேங்கில் கலக்கிறேன். இதைப் பற்றிக் கோப்பிக் கடையில் சண்டையே நடக்கும். பம்ப் ஒருநாள் மக்கர் செய்தாலும் சீல் காயாமல் இருக்கும் என்பது என் பக்கம்.

மற்றபடி நமக்கு ஒரு கொடுப்பினை: சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இல்லாததால் அடித்தளத் துரு குறைவு. வெயிலில் வெந்த ரப்பர் புஷ், இன்ஜின் மவுண்ட், கதவு ரப்பர் ஆகியவற்றைப் பார்த்து மாற்றினால் போதும்.

திறக்கத்தான் வேண்டும் என்றால்

முதலில் ஒரு குறுக்கு வழியைப் பற்றி. ஜோகூரிலிருந்து 'ஹாஃப் கட்' (பாதியாக வெட்டிய பழைய காரின்) இன்ஜின் கொண்டுவந்து மாட்டலாமே என்று ஒருவராவது சொல்வார். அந்த இன்ஜினின் கம்ப்ரஷனும் யாருக்கும் தெரியாது. தவிர, இன்ஜின் எண் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முறையாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் இன்ஜினைச் சரிசெய்வதே நிம்மதி.

இறக்கும்போது ஒவ்வொரு வயர் முனைக்கும் ஒரு டேப், ஒரு எண், ஒரு படம். இன்ஜினைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். ஃப்ளைவீல் நட் 400 நியூட்டன் மீட்டரை ஒட்டி இறுக்கப்பட்டது, பசையும் போட்டிருக்கும். சூடு காட்டி, நீளமான கம்பி போட்டுத்தான் அசையும். எனக்கு உதவிக்கு வந்த ஜோகூர்க்கார மெக்கானிக் அண்ணன், நான் கம்பியில் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ தொங்கறதுக்கு முன்னாடி ஃப்ளைவீலுக்கு ஒரு ஸ்டாப்பர் வை. இன்ஜினே உன்கூடச் சுத்துது பாரு."

பிறகு இன்ஜினை முன்பக்கம் தரையைப் பார்க்க நிறுத்தி, அடுக்குகளை ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும் நீளமான டென்ஷன் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச்சுற்றித் தளர்த்த வேண்டும். இனி அடுக்குப் பாத்திரம் இறக்குவதுபோலத்தான். பின்தட்டு, பின் ஹவுசிங், பின் ரோட்டர், நடுத்தட்டு என்று வரிசையாக வரும். நடுத்தட்டுதான் புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம். அது ஷாஃப்ட்டின் குமிழைத் தாண்டி நேராக வராது. ஒருவர் ஷாஃப்ட்டை 25 மி.மீ. அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்க, மற்றவர் தட்டைச் சாய்த்து உருவ வேண்டும். சுத்தியலை எடுக்கத் தோன்றினால் கையைக் கழுவிவிட்டு ஒரு தே தாரே குடித்துவிட்டு வாருங்கள்.

ரோட்டரைத் தூக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சீல் கீழே விழலாம், உள்ளங்கையை அடியில் கொடுங்கள். எந்தச் சீல் எந்த முனையிலிருந்து வந்தது என்று முட்டைத் தட்டில் எழுதுங்கள். முன் ரோட்டர், பின் ரோட்டர் கலந்துவிடக் கூடாது.

கார்பனைச் சுரண்ட அவசரப்படாதீர்கள். ஊற வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஹவுசிங்கின் உட்சுவரில் குரோம் பூச்சு இருக்கிறது, அதில் உப்புத்தாள் படவே கூடாது. விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறலோ, ஓரத்தில் பூச்சு உரிந்தோ இருந்தால் அந்த ஹவுசிங் கழிந்தது. பட்ஜெட்டைத் தின்பது சீல் செட்டைவிட இதுதான். தட்டுகளின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் செருகுங்கள். வளைவு 0.04 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சீல் ஓடிய தடத்தின் தேய்மானம் 0.10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

பூட்டுவது

ரப்பர் வளையங்கள், ஸ்பிரிங்குகள், சீல்கள் எல்லாம் புதிது. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி வேண்டும். புதுச் சீல் கொஞ்சம் நீளமாகவே வரும். நுனியை மெல்லிய அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, பொருத்தி, அளந்து, மறுபடி இரண்டு இழுப்பு. மொத்தம் பன்னிரண்டு சீல். எனக்கு மூன்று மாலை பிடித்தது, ஒன்றை அதிகமாகத் தேய்த்துத் தூக்கியும் போட்டேன்.

வளையங்களும் சீல்களும் பள்ளத்திலேயே நிற்க முஸ்தஃபாவில் வாங்கும் சாதாரண வாசலின் போதும். ஒவ்வொரு அடுக்கும் தானாகப் பொருந்தி உட்கார வேண்டும். அழுத்த வேண்டிய நிலை வந்தால் எங்கோ ஒரு வளையம் பள்ளத்தை விட்டு எழும்பியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். டென்ஷன் போல்ட்டுகளைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள வரிசைப்படி இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். கடைசியில் டயல் கேஜை வைத்து ஷாஃப்ட்டின் முன்பின் அசைவை அளக்க வேண்டும்: 0.04 முதல் 0.07 மி.மீ.க்குள். 0.09ஐத் தாண்டினால் ஸ்பேசரை மாற்ற வேண்டும்.

பிளக் போடாமல் கையால் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ரோட்டரிலிருந்தும் புஸ், புஸ், புஸ் என்று ஒரே அளவில் மூச்சு வரவேண்டும். அந்த மூன்றாவது 'புஸ்' காதில் விழுந்தபோது பக்கத்து டாக்சியை வேலை பார்த்துக்கொண்டிருந்த தவுக்கேகூடத் திரும்பிப் பார்த்தார்.

முதல் உயிர்

பெட்ரோலை நிறுத்திவைத்து, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பெட்ரோலை விடுங்கள். உள்ளிருக்கும் வாசலினும் ஆயிலும் எரிந்து சாம்பிராணி போட்டதுபோல் புகை வரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கும். அடங்காமல் வெள்ளையாகவும் இனிப்பு வாடையோடும் வந்தால் கூலன்ட் எரிகிறது, நிறுத்துங்கள்.

முதல் 500 கி.மீ.இல் ஆயில் மாற்றம். புது சீல்கள் படிவதற்காக 1,500 கி.மீ. வரை 4,000 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டினேன், இதைத்தான் ரன்-இன் என்பார்கள். இந்தச் சின்னத் தீவில் 1,500 கி.மீ. ஓட்டுவது எவ்வளவு பெரிய தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் ஈசிபி, ஏஒய்இ, லிம் சூ காங் என்று வட்டமடித்தேன். மலாக்கா வரை போய்வரலாம் என்று ஆசை வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டால் இழுவைச் செலவு தாங்காது, அதை ரன்-இன் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. கன்வெர்ட்டர் நன்றாக இருந்து, சூடான இன்ஜினோடு போனால் புகைச் சோதனையில் பிரச்சினை வராது. எக்சாஸ்டை மாற்றியிருந்தால் அனுமதிக் காகிதத்தை எடுத்துப் போங்கள்.

நகர்த்தி நிறுத்தாதீர்கள்

இன்ஜின் நன்றாகிவிட்டது என்ற மிதப்பில் ஒருநாள் காரைக் கழுவுவதற்காக இருபது மீட்டர் நகர்த்திவிட்டு அணைத்தேன். மறுநாள் காலையில் கிளம்பவில்லை. ஆறிய இன்ஜினில் பெட்ரோல் தாராளமாக விழும். எரியும் முன் அணைத்துவிட்டால் பிளக் நனைந்து, சீலில் இருக்கும் ஆயிலும் கழுவப்பட்டுக் கம்ப்ரஷன் போய்விடும். ஸ்டார்ட் செய்தால் முழுச் சூடு வரும்வரை அணைக்கக் கூடாது.

அப்படி ஆகிவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆர்எக்ஸ்-8இல் அப்போது பெட்ரோல் நின்றுவிடும். பத்து நொடி சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, இப்படி மூன்று தடவை. பிறகு காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ஸ்டார்ட் செய்யுங்கள். பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிக் காயவைத்து மாட்ட வேண்டும். பிடிக்கும்போது ஒரு மேகமே கிளம்பும். மேலே மூங்கில் கழியில் யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று முதலிலேயே நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி அக்கா என்னோடு பேச இரண்டு வாரம் ஆனது.